அகலமாக விழுந்த கோடு

என் அக்காவுக்கு ஆய்வுக்கூடத்தில் வைத்த பெயர் ‘ஐயோ மேடம்’. வீட்டில் அதற்கு முன்பே வேறு பெயர்கள் இருந்தன, எல்லாம் இதே அர்த்தத்தில்தான். அப்பா வேலையிலிருந்து வரச் சற்றுத் தாமதமானால் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். பரீட்சை எழுதிவிட்டு வந்தால், பேப்பரில் பெயர் எழுதினோமா என்று மூன்று நாள் புலம்புவாள். எப்போதும் முதல் மதிப்பெண்தான் வாங்குவாள். அது வந்த பிறகும், கூட்டலில் தப்பு இருந்தால் என்ன செய்வது என்று ஆரம்பிப்பாள்.

அத்தான் பள்ளிக்கூடத்தில் ஓவியம் சொல்லிக் கொடுப்பவர். தலையில் இடி விழுந்தாலும் “சத்தம் கொஞ்சம் ஜாஸ்தி” என்று சொல்லிவிட்டுத் தூரிகையைக் கழுவப் போகிற ரகம். வெளியே கிளம்பும்போது அக்கா படியிறங்கி, மறுபடி ஏறி, பூட்டை இழுத்துப் பார்ப்பாள். அவர் கீழே நின்றபடி சொல்வார்: “நான் பூட்டினேன். நீ இழுத்துப் பார்த்தே. பூட்டும் பூட்டிக்கிச்சு. இன்னும் யாரைக் கேக்கணும்?”

இப்படிப்பட்டவள் போய்ச் சேர்ந்த வேலையைப் பாருங்கள். அவள் ஆராய்ச்சி செய்வது கார்பன் மோனாக்சைடு. நிறம் கிடையாது, வாசனை கிடையாது, மூச்சோடு உள்ளே போனால் ரத்தத்தைப் பிடித்துக்கொள்ளும், ஆளைத் தூங்க வைத்தே கொண்டுபோய்விடும். அந்த வாயு நிறைந்த சிலிண்டரைச் சங்கிலியால் சுவரோடு கட்டி வைத்துக்கொண்டு, அதன் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பாள்.

எனக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. ஒரு மத்தியானம் கடையில் கூட்டமில்லாத நேரத்தில் வந்து உட்கார்ந்தாள். “அப்படி என்னதான் பண்றேக்கா அங்க?” என்று கேட்டேன்.

“டைமர்” என்றாள்.

“மணியடிக்குமே, அதுவா?”

அபூர்வமாகச் சிரிப்பாள்; அன்று சிரித்தாள். இரண்டு மூலக்கூறு சேர்ந்து ஒரு ஜோடியாக நின்றால் அதற்கு அந்தப் பெயராம். சேர்ந்து என்றால், உப்பைப் போலவோ சர்க்கரையைப் போலவோ உறுதியாகக் கட்டுண்ட பொருள் அல்ல. பட்டும் படாமலும் நிற்கிற ஜோடி. இந்த அறையின் சூடு போதும், இரண்டும் பிய்த்துக்கொண்டு தனித்தனியாகப் போய்விடும். அதனால் வாயுவை ஒரு மெல்லிய பிளவின் வழியாக வெற்றிடத்துக்குள் பீய்ச்சியடிப்பார்கள். பீய்ச்சுகிற வேகத்தில் அது விரிந்து, நினைத்துப் பார்க்க முடியாத அளவுக்குக் குளிர்ந்துபோகும். அந்தக் குளிரில்தான் இரண்டிரண்டாக ஒட்டும். ஒட்டியிருக்கும் அந்தக் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் அகச்சிவப்பு லேசர் ஒளியை அதன் குறுக்கே விட்டு, எந்த நிறத்தை அது விழுங்குகிறது என்று பார்க்க வேண்டும்.

“கண்ணுக்குத் தெரியாத நிறமா?”

“ஆமா. விழுங்கின இடத்தில திரையில ஒரு கோடு கீழே இறங்கும். தனி மூலக்கூறுக்கு ஒரு இடத்தில கோடு. ஜோடிக்கு அதுக்குப் பக்கத்திலேயே சின்னச் சின்னதா வேற கோடுங்க. அதை வெச்சு அதுங்க எவ்வளவு தூரத்தில நிக்குது, எந்தப் பக்கம் பாத்துக்கிட்டு நிக்குதுன்னு சொல்லிடலாம்.”

“சொல்லி?”

“சொல்லி என்ன, தெரிஞ்சுக்கலாம்” என்றாள். பிறகு என் கடை மின்விசிறி ஆடுகிறதே, கழன்று விழுந்துவிடாதா என்று கேட்டாள்.

அவளோடு வேலை செய்தவரை எல்லாரும் ‘லேசர் சார்’ என்பார்கள். அக்காவைவிடப் பத்துப் பதினைந்து வயது மூத்தவர். கருவிகளைக் கட்டியது அவர்தான். ‘ஐயோ மேடம்’ என்று பெயர் வைத்ததும் அவர்தான். அக்கா ஏதாவது வால்வை மறுபடி தொட்டுப் பார்த்தால், “மேடம், அது மூடித்தான் இருக்கு. நீங்க இப்படித் தடவிக் குடுத்தீங்கன்னா அது பயந்துபோய்த் திறந்துக்கும்” என்பார். அக்காவுக்குக் கோபம் வராது. அவர் கிண்டல் பண்ணுகிறவரைக்கும் எல்லாம் சரியாக இருக்கிறது என்று ஒரு தெம்பு.

ஒருமுறை பெரிய ரகளை ஆகிவிட்டது. அக்காவுக்குத் தலைவலி. பக்கத்து மேசைக்காரியிடம், “உங்களுக்கும் தலை வலிக்குதா?” என்று கேட்டிருக்கிறாள். இப்படிக் கேட்டால் யாருக்குத்தான் வலிக்காது? அவளும் ஆமாம் என்றாள், அவளுக்கு அடுத்தவனும் ஆமாம் என்றான். அக்கா ஓடிப்போய் அபாயப் பொத்தானை அழுத்திவிட்டாள். கட்டடமே காலி. மாடியில் நூலகத்தில் படித்துக்கொண்டிருந்தவர்கள்கூடச் செருப்பில்லாமல் தெருவுக்கு வந்தார்கள். தீயணைப்பு வண்டி வந்தது. கடைசியில் பார்த்தால் மேல்தளத்தில் யாரோ கதவுக்கு வார்னிஷ் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தத் துறைக்குத் தலைவி ஒரு வயதான அம்மாள். பெரிய மேடம் என்பார்கள். திட்டவில்லை. அறைக்குள் கூப்பிட்டு உட்காரவைத்து, “எச்சரிக்கையா இருக்கிறது நல்லதும்மா. ஆனா இனிமே நிச்சயமாத் தெரிஞ்ச பிறகு சொல்லு” என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால்கூட மறந்திருப்பாள். மெதுவாகச் சொன்னதால் அந்த ‘நிச்சயமா’ அவளுக்குள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. அதன்பிறகு பயம் குறையவில்லை, பயத்தை வெளியே சொல்வது மட்டும் நின்றது. “என்ன மேடம், இப்பல்லாம் ஐயோவே வரதில்ல?” என்று லேசர் சார் கேட்பாராம். அக்கா திரையைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

அந்தச் சமயத்தில்தான் சுவரில் மாட்டியிருந்த வாயு எச்சரிக்கைக் கருவியைக் கழற்றிக்கொண்டு போனார்கள். உள்ளே இருக்கும் உணர்வுப் பகுதிக்கு ஆயுள் முடிந்துவிட்டது, புதிது போட்டு அனுப்புகிறோம் என்றார்கள். வரவில்லை. அக்கா ஒருமுறை கேட்டாள். “வரும்” என்றார்கள். இன்னொருமுறை கேட்க வாயெடுத்தாள், மறுபடி ஆரம்பிச்சிட்டா என்று நினைப்பார்களே என்று விட்டுவிட்டாள்.

இனி அந்த மழை நாள்.

காலையிலிருந்தே கொட்டிக்கொண்டிருந்தது. பாதிப் பேர் வேலைக்கு வரவில்லை. மத்தியானம் மின்சாரம் போய், ஜெனரேட்டர் தானாக ஓட ஆரம்பித்தது. ஜெனரேட்டர் இருப்பது கீழே, நிலவறையில். வெற்றிடம் உண்டாக்கும் பெரிய பம்புகளும் அங்கேதான். அவற்றின் அதிர்வு மேலே லேசர் மேசைக்கு வரக்கூடாது என்பதற்காகத் தள்ளி வைத்திருந்தார்கள். பம்பிலிருந்து தடித்த குழாய்கள் தரையிலிருந்த துளை வழியாக அக்கா உட்கார்ந்திருக்கும் அறைக்கு ஏறி வரும்.

லேசர் சார் கீழே எட்டிப் பார்த்துவிட்டு வந்து, “காத்து வர்ற ஜன்னல் வழியாச் சாரல் அடிக்குது மேடம், பம்பு மேலேயே தெறிக்குது. தார்ப்பாய் போட்டு மூடிட்டு, அப்படியே சும்மா நிக்கிற பம்புக்கு எண்ணெயையும் மாத்திட்டு வந்துடறேன்” என்றார்.

“ஜன்னலை மூடலாமா சார்? ஜெனரேட்டர் ஓடுதே.”

“அதோட புகை தனிக் குழாயில வெளிய போகுது. நீங்க ஜோடிங்களைப் பாருங்க.”

அவர் வெளியே போய், தரையோடு இருந்த கம்பி ஜன்னல்களைத் தார்ப்பாயால் மூடிக் கட்டிவிட்டு, ஈரக்குடையை வாசலிலேயே விரித்து வைத்துவிட்டுக் கீழே இறங்கினார்.

அக்கா திரையின் முன்னால் தனியாக இருந்தாள். அங்கே எல்லாரும் கம்ப்யூட்டர் சுத்தம் செய்து கொடுக்கும் படத்தைத்தான் பார்ப்பார்கள். வாயு பீய்ச்சும்போது எடுத்ததிலிருந்து, பீய்ச்சாதபோது எடுத்ததை அது கழித்துவிடும். நடுவில் வருகிற வேண்டாததெல்லாம் போய், ஜோடியின் கோடுகள் மட்டும் நிற்கும். அக்கா மட்டும், கழிக்காத முழுப் படத்தையும் ஒரு மூலையில் திறந்து வைத்திருப்பாள். கம்ப்யூட்டர் எதையாவது தப்பாகக் கழித்துவிட்டால்?

அந்த முழுப் படத்தில் ஒரு பள்ளம் எப்போதும் இருக்கும். லேசர் ஒளி வெற்றிடக் கலத்துக்குப் போகுமுன் மேசைமேல் கண்ணாடிகளுக்கு நடுவே திறந்த காற்றில் கொஞ்ச தூரம் போகிறது. எந்த ஊர்க் காற்றிலும் வண்டிப் புகையின் மிச்சமாக அந்த வாயு துளி இருக்கும். அதுவும் தன் பங்குக்கு ஒளியை விழுங்கும். கலத்துக்குள் குளிரில் இருக்கும் வாயுவின் கோடு ஊசி மாதிரி ஒல்லியாக இறங்கும். வெளிக் காற்றில் இருப்பதன் கோடு, மற்ற மூலக்கூறுகள் வந்து வந்து இடிப்பதால், கிண்ணம் மாதிரி அகலமாக விழும். சாதாரண நாளில் அந்தக் கிண்ணம் கண்ணுக்கே எட்டாத அளவுக்கு ஆழமில்லாமல் இருக்கும்.

அன்று அது கண்ணுக்கு எட்டியது.

அக்காவுக்கு முதலில் தோன்றியது தன் சிலிண்டர்தான். எழுந்து போய் வால்வை இறுக்கி மூடினாள். குழாயில் மிச்சமிருந்ததை வெளியேற்றினாள். வந்து உட்கார்ந்தாள். ஊசிகள் எல்லாம் மறைந்துவிட்டன. கிண்ணம் மட்டும் இருந்தது. இருந்ததோடு, சற்று ஆழமாகவும் ஆகியிருந்தது.

  தலை லேசாக வலித்தது, அதுவும் தினமும் வலிப்பதுதான். தன் உடம்பு சொல்லும் எதையும் நம்ப முடியாத நிலைமை அவளுக்கு. லேசர் நகர்ந்திருக்குமோ? ஜெனரேட்டர் மின்சாரத்தில் அளவு தவறுகிறதோ? கண்ணாடியில் ஈரம் படிந்திருக்குமோ? நிச்சயமா தெரிஞ்ச பிறகு சொல்லு. அந்த வாயுவுக்கே உரிய பக்கத்துக் கோடு ஒன்று உண்டு. அங்கேயும் கிண்ணம் விழுந்தால் சந்தேகமில்லை. லேசரை அங்கே நகர்த்தி இன்னொரு ஸ்கேன் போட்டாள். அது முடியும்வரை இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அங்கேயும் விழுந்தது. அகலமாக, முன்னதைவிட ஆழமாக.

தான் உட்கார்ந்திருக்கும் அறையின் காற்றைத்தான் திரையில் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்பது அப்போதுதான் உறைத்தது. தன் சிலிண்டரிலிருந்து வரவில்லை என்றால் எங்கிருந்து வருகிறது? தரைத் துளையைப் பார்த்தாள். குழாய்க்கும் தரைக்கும் நடுவே விரல் நுழையும் இடைவெளி. கீழே ஜெனரேட்டர் உறுமிக்கொண்டிருந்தது.

லேசர் சாருக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை.

ஜன்னலைத் திறந்துவிட்டு, போகிற போக்கில் அபாயப் பொத்தானை அழுத்திவிட்டு, “ஐயோ” என்று கத்திக்கொண்டே ஓடினாளாம். நடைவழியில் இருந்தவர்கள் தலையை நீட்டிப் பார்த்துச் சிரித்தார்கள் என்பது அவளுக்கு ஞாபகம் இருக்கிறது. வாசலில் காவலர் இருந்தார்.

“கீழ ஜெனரேட்டரை நிறுத்துங்க! சார் உள்ள இருக்கார்!”

காவலருக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் அவள் முகம் புரிந்தது. வாசல் சுவரிலிருந்த சிவப்பு விசையை இழுத்தார். உறுமல் நின்றது, கட்டடம் இருண்டது. உடனே நிலவறைக் கதவைத் திறந்துகொண்டு இறங்கப் போனார். அக்கா அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

“இறங்காதீங்க! நீங்களும் விழுந்துடுவீங்க!”

“பின்ன அவரை?”

“கதவைத் திறந்து வெச்சுட்டு வெளிய வாங்க. கீழ ஜன்னலைத் திறக்கணும்.”

எனக்கு அவள் சொன்னதிலேயே மிகவும் கஷ்டமான இடம் இதுதான். உள்ளே ஆள் கிடக்கிறார் என்று தெரியும். தான் இறங்கக்கூடாது என்பதும் தெரியும். இரண்டும் தெரிந்துகொண்டு மழையில் நிற்க வேண்டும்.

நிற்கவில்லை. கட்டடத்தைச் சுற்றி ஓடி, தார்ப்பாயை அவிழ்க்கப் பார்த்தாள். நனைந்த கயிறு, லேசர் சாரின் முடிச்சு. எதைக் கட்டினாலும் அசையாமல் கட்டுகிறவர். நகம் பெயர்ந்தது. காவலர் பேனாக்கத்தியால் அறுத்தார். பாய் விழுந்ததும் உள்ளேயிருந்து சூடாக ஒரு காற்று முகத்தில் அடித்தது. கம்பிகளுக்குள்ளே குனிந்து பார்த்தாள். பம்புக்குப் பக்கத்தில் இரண்டு கால் தெரிந்தது. ஒரு காலில் செருப்பு இல்லை. பக்கத்தில் எண்ணெய் டப்பா கவிழ்ந்து கிடந்தது.

“சார்! சார்! எழுந்திருங்க சார்!”

கால் அசையவில்லை. மறுபடி மறுபடி கூப்பிட்டாள். என்னென்னவோ சொல்லிக் கூப்பிட்டாளாம். கடைசியில், “அண்ணா, கிண்டல் பண்ணுங்கண்ணா, ஏதாவது சொல்லுங்கண்ணா” என்று. அதுவரை அவரை அண்ணா என்று அழைத்ததே இல்லை.

பொத்தான் அழுத்தியதால் தீயணைப்பு வண்டி வந்தது. முகமூடி மாட்டியவர்கள் இறங்கி, அவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். முகம் சிவந்து, நல்ல ஆரோக்கியமான ஆள் தூங்குவது போல இருந்தது. அதைப் பார்த்துத்தான் அக்கா தரையில் உட்கார்ந்துவிட்டாள். அந்த வாயு பிடித்த ரத்தத்துக்கு வரும் சிவப்பு அது என்று அவளுக்குத் தெரியும். ஜெனரேட்டரின் புகைக்குழாய் ஒரு மூட்டில் கழன்றிருந்தது என்று பிறகு சொன்னார்கள். எப்போது கழன்றது என்று யாருக்கும் தெரியவில்லை. ஜன்னல் திறந்திருந்த நாட்களில் காற்றோடு போய்க்கொண்டிருந்திருக்கிறது.

மருத்துவமனையில் அவருக்கு ஆக்சிஜன் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அத்தானும் நானும் போய்ச் சேர்ந்தபோது, அக்கா விரல்களில் கட்டோடு நடைவழி மூலையில் நின்றுகொண்டிருந்தாள். லேசர் சாரின் மனைவி வந்து, “யாரும்மா பார்த்தது?” என்று கேட்டார்.  காவலர்தான் அக்காவைக் கைகாட்டினார். அந்த அம்மாள் அக்காவின் கட்டுப் போட்ட கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அக்கா கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள்.

வீட்டுக்கு வந்ததும் என்னிடம் சொன்னாள். “நான் இன்னொரு ஸ்கேன் எடுத்தேன்டி.”

“எடுத்தா என்ன?”

“முதல்லயே தெரிஞ்சது. சிலிண்டரை மூடின உடனேயே தெரிஞ்சது. ஆனாலும் உக்காந்து இன்னொண்ணு எடுத்தேன். அவர் கீழ விழுந்து கிடக்கும்போது நான் கையைக் கட்டிக்கிட்டுக் கோடு எப்ப வரும்னு பாத்துக்கிட்டிருந்தேன்.”

 நீ பார்க்காவிட்டால் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள் என்றேன். அத்தான் எப்போதும் ஏதாவது ஒரு வார்த்தை சொல்லிச் சிரிக்க வைப்பவர், அன்று எழுந்து போய், அவள் கேட்காமலே வாசல் தாழ்ப்பாளை இழுத்துப் பார்த்துவிட்டு வந்தார்.

லேசர் சார் மறுநாள் கண் விழித்தார். ஆனால் விழித்தவர் உடனே பழைய ஆளாகிவிடவில்லை. கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு அதன் பெயரைத் தேடுவார். பேசிக்கொண்டே இருக்கும்போது நிறுத்திவிட்டுச் சுவரைப் பார்ப்பார். வாரக்கணக்கில் இப்படிப் போயிற்று. அக்கா வேலை முடிந்து தினமும் அவர் வீட்டுக்குப் போய் வந்தாள். மெல்ல மெல்ல வார்த்தைகள் திரும்பின. ஒருநாள் அவர் மனைவி போன் பண்ணி, “இன்னிக்கு என்னைத் திட்டினார்ம்மா, முழு வாக்கியமா” என்று சந்தோஷமாகச் சொன்னாராம்.

விசாரணைக் குழு வந்தது. ஏன் எச்சரிக்கைக் கருவி இல்லை, ஏன் நிலவறையில் ஜெனரேட்டர் என்றெல்லாம் கேட்டார்கள். நடுவில் ஏன் இன்னொரு ஸ்கேன் என்று யாரும் கேட்கவில்லை. பெரிய மேடம் மட்டும் அக்காவைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். உட்காரச் சொல்லாமல், தானும் எழுந்து நின்றபடி, “நான் உனக்குச் சொன்ன வார்த்தை தப்பும்மா” என்றார். அக்கா, “பரவாயில்ல மேடம்” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். பரவாயில்லை என்று அவள் நினைக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். பெரிய மேடத்துக்கும் தெரிந்திருக்கும்.

ஜெனரேட்டரை வெளியே தனிக்கொட்டகைக்கு மாற்றினார்கள். தளத்துக்கொரு கருவி மாட்டினார்கள். லேசர் சார் வேலைக்குத் திரும்பினார், ஆனால் நிலவறைப் படிக்கட்டைக் கண்டால் அவருக்கு வியர்த்துக்கொட்டியது. மாடியில் உட்கார்ந்து கணக்குப் பார்க்கும் பக்கத்துக்கு மாறிவிட்டார். அந்தக் கணக்கில்தான், பல மாதம் கழித்து, ஜோடியின் கோடுகளில் இதுவரை யாரும் இனம் காணாத ஒரு கூட்டம் ஒழுங்காக வந்து பொருந்தியது. இரண்டு மூலக்கூறும் எப்படித் திரும்பி நிற்கின்றன என்று அதிலிருந்து தெரிந்தது. அக்கா தனக்கு நம்பிக்கை வரும்வரை அளந்து அளந்து பார்த்த பிறகே கட்டுரையை அனுப்ப விட்டாள். இருவர் பெயரிலும் வெளிவந்தது. எனக்கு ஒரு பிரதி கொடுத்தாள். கடையில் வைத்திருக்கிறேன், ஒரு வரி புரியாது.

பயம் போயிற்றா என்றால், இல்லை. கீழே பம்புக்கு எண்ணெய் மாற்றுவது இப்போது அக்காவின் வேலை. வேறு ஆளை அனுப்பலாம் என்று சொன்னார்கள், அவள்தான் ஒத்துக்கொள்ளவில்லை. இடுப்பில் கையடக்கமான அளவுக் கருவி ஒன்றைச் செருகிக்கொண்டு, கைப்பிடியைப் பிடித்தபடி இறங்குவாளாம்.  பாதிப் படியில் நின்று கருவியைப் பார்ப்பாள். பூஜ்யம் காட்டும். இன்னும் இரண்டு படி இறங்கி, மறுபடி நின்று பார்ப்பாள்.

மேலே படிக்கட்டு வாசலில் லேசர் சார் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். அவள் ஏறி வரும்வரை எழுந்திருக்க மாட்டார். நடுநடுவே, “மேடம், இருக்கீங்களா?” என்று குரல் கொடுப்பார். பதில் வரக் கொஞ்சம் தாமதமானாலும் உடனே மறுபடி கேட்பார்.